கந்தோர் மாற்றம் வேண்டுதல்

உத்தியோகத்துக்குப் புறப்பட்ட நம்மவர் முதன்முதல் எழுதிப் பழகிய நீண்ட கடிதம் யாது என ஒருவர் வினவின், இடமாற்றம் கோரும் விண்ணப்பம் என்றே விடை கூறவேண்டும். அரசாங்க இலிகிதர் சேவையிலும் ஆசிரிய சேவையிலும் இருந்த நம் தந்தையரும் பாட்டன்மாரும் அக்கலையில் வல்லவராய் விளங்கினர். வயது முதிர்ந்த தாய், ஒவ்வாத சுவாத்தியம், பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் ஈளை நோய் எனக் காரணங்களை ஒழுங்காக அடுக்கி, தாழ்மையுள்ள ஊழியன் என்று கையொப்பமிட்டுத் தலைமைக் கந்தோருக்கு அனுப்புவர். மூன்று மாதத்தில் விடை வாராவிடின் ஞாபகக் கடிதம் ஒன்று போகும். அதற்கும் அசைவில்லையெனின் பாராளுமன்ற உறுப்பினர் வீட்டுப் படலை தட்டப்படும். இம்முறையால் மாற்றம் பெற்றோர் பலர். ஆதலின் இதனை இகழ்தற்கில்லை.

நிற்க. இன்று நம் பழைய மாணவருட் சிலர் இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலிய நகரங்களில் முகாமை ஆலோசனைத் தாபனங்களிலே வேலை பார்க்கின்றனர். இப்பொழுது மேல்வகுப்பிற் பயிலும் மாணவருள்ளும் சிலர் அவ்வழி செல்லக்கூடும். அத்தாபனங்கள் பல நாடுகளிற் கந்தோர் உடையன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதலும் ஆண்டுதோறும் நிகழ்வது. ஆனால் நம் பாட்டனார் எழுதிய விண்ணப்பம் அங்கே செல்லாது. அதனை எழுதி ஓராண்டுக்கு மேல் இழந்தவன் யான். ஆதலின் இதுபற்றிச் சில கூறும் உரிமை எனக்குண்டு என எண்ணுகிறேன்.

முதலில் இத்தொழிலின் இயல்பு அறியற்பாலது. ஒரு வங்கியோ வைத்தியசாலையோ அரசாங்கப் பகுதியோ தன் காரியம் ஒன்றைத் தானே தீர்க்கமாட்டாது இடர்ப்படுங்கால், வெளியாரை அழைத்து ஆராய்வித்து, அவர் கூறும் அறிவுரைக்குப் பணம் கொடுக்கின்றது. ஆர்தர் டி. லிட்டில் என்னும் இரசாயனர் 1886 இல் பொஸ்ரன் நகரில் தொடங்கிய முயற்சி இத்தொழிலின் மூத்த கிளை. சிக்காக்கோப் பல்கலைக்கழகத்திற் கணக்கியல் கற்பித்த ஜேம்ஸ் ஓ. மக்கின்சி 1926 இல் தம் பெயரால் ஒரு தாபனம் நிறுவினார். அவர் 1937 இல் இறந்தபின் அதனை வளர்த்து உருவாக்கியவர் மார்வின் பவர் என்னும் சட்டம் பயின்ற அறிஞர். எத்தனை கந்தோர்கள் இருப்பினும் தாபனம் ஒன்றே என்பது அவர் கொள்கை. ஒரு கந்தோரின் ஆலோசகரை மற்றொரு கந்தோரின் பணிக்கு அனுப்பத் தயங்கலாகாது என்பதும் அதனுள் அடங்கும். அத்தாபனம் 1959 இல் இலண்டனிற் கந்தோர் திறந்தது. புரூஸ் ஹெண்டர்சன் 1963 இல் தொடங்கிய பொஸ்ரன் ஆலோசனைக் குழு மூன்றாண்டில், 1966 இல், தோக்கியோவிற் கால்வைத்தது. இங்ஙனம் கந்தோர்கள் பெருகியபொழுது மாற்றம் வேண்டுவோரும் பெருகினர்.

எல்லாத் தாபனமும் அவ்வாறு ஒன்றாய் அமைந்தவையல்ல என்பதையும் மறத்தலாகாது. டெலோயிட், பிடபிள்யூசி, ஈவை, கேபிஎம்ஜி என்னும் நான்கும் கணக்காய்விலிருந்து வளர்ந்து ஆலோசனையிலும் ஈடுபடுவன. இவற்றின் பெயர் உலகெங்கும் ஒன்றாயினும், நாடுதோறும் உள்ள உறுப்புத் தாபனங்கள் சட்டப்படி வெவ்வேறானவை. அத்தகைய இடத்தில் மாற்றம் என்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து விலகி மற்றொன்றிற் புதிதாய்ச் சேர்தலே. முன்னைய சேவைக்காலம் கணக்கிற் கொள்ளப்படுமா, விடுமுறையும் பதவிப்படியும் தொடருமா என்பவற்றை எழுத்திற் பெற்றுக்கொள்ளாது புறப்படுபவன் பின்னர் வருந்துவான். வாய்ச்சொல்லை நம்பிச் சென்று, ஏழாண்டுச் சேவையுடன் போன இடத்திற் புதிய ஆளாய்ப் பதியப்பட்ட ஒருவரை யான் அறிவேன்.

இனி மாற்றத்தைக் கொடுப்பவர் யார் என்பதை நோக்குவோம். அரசாங்கப் பகுதியில் அது தலைமைக் கந்தோரின் காரியம். புத்தளத்துக் கதிரையும் யாழ்ப்பாணத்துக் கதிரையும் ஒருவர் கையில் இருப்பதால், அவர் மனம் இரங்கினாற் போதும். ஆலோசனைத் தாபனத்தில் அங்ஙனம் இரண்டு கதிரைகளையும் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு கந்தோரின் பங்காளரும் தத்தம் கந்தோரின் வரவுக்கும் செலவுக்கும் பொறுப்பாளர். ஆலோசகன் ஒருவன் வாடிக்கையாளரின் பணியில் இருக்கும் நாளெல்லாம் வரவு. பணியின்றி இருக்கும் நாளெல்லாம் செலவு. பணியின்றி இருப்பவனை வாங்கில் இருப்பவன் என்று அவர்கள் பரிகாசமாய்க் கூறுவர். ஆகவே மாற்றம் கேட்பவனைக் குறித்து ஏற்கும் கந்தோரின் பங்காளர் தம்முள் வினவுவது ஒன்றே: இவனுக்குக் கொடுக்க என்னிடம் பணி உண்டா, அன்றி வாங்கில் இருக்க இன்னும் ஒருவனா? விட்டுச்செல்லும் கந்தோரோ பழக்கிய ஆளை இழக்கின்றது. அதற்கு ஈடாக யாதும் பெறுவதில்லை. அது தடுக்கக்கூடும், தாமதிக்கக்கூடும், கொடுக்கமாட்டாது. கொடுப்பது ஏற்கும் கந்தோரே. இதனை யான் அறியாதிருந்தேன்.

இலண்டனில் அத்தகைய தாபனம் ஒன்றில் ஐந்தாண்டு வேலை பார்த்தபின், 2011 இல், ரொறன்ரோக் கந்தோருக்கு மாற விரும்பினேன். என் தாயார் அந்நகரின் ஸ்காபரோப் பகுதியில் என் தமக்கையாருடன் வாழ்ந்தார். கந்தோர்த் தலைவருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். தாயாரின் வயது, அவரது நீரிழிவு, தமக்கையாரின் இரவு வேலை யாவும் அதில் இருந்தன. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாயினும் அது என் பாட்டனாரின் விண்ணப்பமே. தலைவர் நல்லவர். அன்புடன் படித்து, இரங்கி, ஆளணிப் பகுதிக்கு அனுப்பினார். தற்போது ரொறன்ரோவில் இடமில்லை, இடம் உண்டாகுங்காற் கவனிப்போம் என்று இரண்டு வரியில் விடை வந்தது. யான் காத்திருந்தேன். மூன்று மாதத்தில் ஞாபகக் கடிதம் எழுதினேன். பின்னரும் ஒன்று எழுதினேன். இவ்வாறு பதினான்கு மாதம் கழிந்தது.

காத்திருத்தல் மட்டுமாயின் பெரிதன்று. அக்காலத்தில் நீண்ட பணிகள் இரண்டு என்னைத் தாண்டிப் பிறர் கைக்குச் சென்றன. ஆண்டு மதிப்பீட்டிலும் ஒருபடி இறங்கினேன். இதற்காக எவரையும் குறைகூறேன். போகப்போகிறவன் என்று தானே எழுதிக் கொடுத்தவனை நம்பி ஈராண்டுப் பணியை யார் ஒப்படைப்பர்? பங்காளர் பணிக்கு ஆள் தேடுங்கால் என் பெயரைக் கண்டதும், இவர் ரொறன்ரோவுக்குச் செல்பவரல்லரோ என்று அப்பாற் சென்றிருப்பர். அந்த மாரிகாலத்தில் என் தாயார் பனியில் வழுக்கி வீழ்ந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எனக்குக் கிடைத்த விடுமுறை ஒன்பது நாள். வைத்தியசாலைக் கட்டிலருகே இருந்து, மாற்றம் விரைவிற் கிடைக்கும் என்று அவரிடம் பொய் கூறினேன்.

திரும்பி வந்தபின் ஒருநாள், எங்கள் கந்தோரில் மூன்று முறை நாடு மாறிய அனுபவமுள்ள பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் தேநீர் வேளையில் என்னிடம், ரொறன்ரோவில் உங்களை அறிந்தவர் யார் என்று கேட்டார். யான் தமக்கையாரையும் மைத்துனரையும் சிற்றப்பா மக்களையும் எண்ணிக் கூறத் தொடங்கினேன். அவர் சிரித்துவிட்டு, கந்தோரில் யார் என்று திருப்பிக் கேட்டார். ஒருவருமிலர்.

அன்றுதான் வேறு வழியில் முயலத் தொடங்கினேன். இலண்டனில் மூன்று வைத்தியசாலைகளிற் சத்திரசிகிச்சைக் கூடங்களின் நேர ஒழுங்கைத் திருத்தும் பணியில் யான் இருந்ததுண்டு. ஒன்ராறியோ மாகாணத்தின் வைத்தியசாலைகளும் பெரும்பாலும் அரசாங்கப் பணத்தால் நடைபெறுவன. நோயாளர் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் இடர் அங்கும் உண்டு. ரொறன்ரோக் கந்தோரில் வைத்தியசாலைப் பணி செய்யும் பங்காளர் யார் என்று தாபனத்தின் பெயர்ப்பட்டியலிற் பார்த்து, மாற்றம் என்ற சொல்லே இல்லாத சிறு கடிதம் எழுதினேன். எங்கள் மூன்று வைத்தியசாலைகளிலும் கண்டவற்றை ஒரு தாளிற் சுருக்கி அதனுடன் இணைத்தேன். இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் நேரம் ஐந்து மணி வித்தியாசம். எனக்கு மாலை ஏழு மணியாகும்போது அவர்க்குப் பிற்பகல் இரண்டு மணி. அவ்வேளையிற் சில நாட்கள் தொலைபேசியிற் பேசினோம். அவர் ஒரு பணிக்கு விலைகோரல் எழுதிக்கொண்டிருந்தார். அதன் ஒரு பகுதியை என் ஓய்வு வேளையில் எழுதிக் கொடுத்தேன். பணி அவர்க்குக் கிடைத்தது. மூன்று மாதத்துக்கு என்னை இரவலாகக் கேட்டார். அம்மூன்று மாதம் முடியும் முன்னரே, இவரை நிலையாக எம்மிடம் அனுப்ப இயலுமா என்று என் தலைவர்க்கு அவரே எழுதினார். பதினான்கு மாதம் அசையாதது ஐந்து மாதத்தில் நிறைவேறிற்று. அவ்வைந்திலும் பெரும்பகுதி வேலை அனுமதிப்பத்திரத்துக்குக் காத்திருந்த காலம்.

மாணவர் பயன்கருதி, இறுதியில் யான் எழுதிய கடிதத்தின் சாரத்தைத் தமிழிற் தருகிறேன். அது ஒரு தாளின் ஒரு புறத்தைத் தாண்டவில்லை.

"ஐயா, கடந்த தை முதல் மூன்று மாதம் தங்கள் வைத்தியசாலைப் பணியில் உடனிருந்தேன். அதன் இரண்டாம் பகுதி ஆவணியில் தொடங்கும் என அறிகிறேன். சத்திரசிகிச்சைக் கூடங்களின் ஒழுங்கை அதில் யான் பொறுப்பேற்கக்கூடும். தங்கள் கந்தோருக்கு நிலையாக மாற விரும்புகிறேன். என் தாயார் அந்நகரில் வாழ்கிறார். ஆதலின் ஈராண்டில் திரும்பிவிடும் எண்ணம் எனக்கில்லை. என் கையிலுள்ள பணி ஆனியில் முடியும். என் தலைவர் இதனை அறிவார்."

தாயார் இக்கடிதத்திலும் இடம்பெறுகின்றார் என்பதைப் படிப்போர் கவனிப்பாராக. சொந்தக் காரணத்தை மறைக்க வேண்டும் என்பாரும் உளர். அஃது எனக்கு உடன்பாடன்று. ஏற்கும் பங்காளர்க்கு இரண்டு அச்சங்கள் உண்டு. பணியில்லாத ஆள் வந்துவிடுவானோ என்பது ஒன்று. வந்தவன் ஓராண்டில் ஊர்சுற்றி முடித்துப் போய்விடுவானோ என்பது மற்றது. முன்னதற்கு விடை பணி பற்றிய வரிகள். பின்னதற்கு விடை தாயார். முதற் கடிதத்தில் அவரை இரக்கத்துக்காகச் சேர்த்தேன்; இங்கே என் உறுதிக்குச் சான்றாகச் சேர்த்தேன். செய்தி ஒன்றாயினும் படித்தவர் அதனை வேறாகக் கொண்டார்.

என் தலைவர் இதனை அறிவார் என்ற கடைசி வரி எளிதில் எழுதப்படுவதன்று. காரியம் முற்றுப்பெறும்வரை தன் கந்தோரில் மூச்சுவிடலாகாது என்பர் சிலர். முதலிலேயே பறைசாற்றியதால் யான் கெட்டது உண்மை. ஆயினும் மற்றைய கந்தோரின் பங்காளர் உடன்பட்ட பின்னும் மறைத்தல் ஆபத்தானது. பங்காளர்கள் ஒருவரோடொருவர் பேசுவர். செய்தி அவ்வழியே வந்து சேருமாயின், நற்சாட்சி கூறவேண்டிய தலைவர் மனம் கசந்தவராகிவிடுவர். ஏற்பவரிடம் பணி உண்டு என்பது தெரிந்த அன்றே, ஆளணிப் பகுதிக்கு எழுதுமுன், தலைவரிடம் நேரிற் சென்று கூறுதல் வேண்டும். யாம் விட்டுச்செல்லும் பணியை யார் ஏற்பார், எந்நாளில் ஏற்பார் என்பதையும் யோசித்துக்கொண்டு செல்லுதல் நன்று.

காலமும் பார்க்கவேண்டும். சேர்ந்து ஓராண்டு நிரம்பாதவனை எக்கந்தோரும் பெரும்பாலும் ஏலாது. பணியின் நடுவிற் கேட்டல் தகாது. பதவியுயர்வு நெருங்கியிருக்கையில் மாறுதலும் நன்றன்று. உயர்வு பற்றிப் பங்காளர் கூடிப் பேசுங்கால் ஒருவனுக்காக வாய் திறப்பவர் அவனுடன் வேலை செய்தவரே. அவரெல்லாம் பழைய கந்தோரில் இருப்பர். இலண்டனில் என் பெயரைச் சொன்னால் அறியாதவரில்லை என்று யான் சிறிது செருக்குற்றதுண்டு. ரொறன்ரோவில் முதல் ஆறு மாதம், என்னினும் ஐந்து வயது இளையவர் என் கணக்குகளைச் சரிபார்த்தனர். ஒருமுறை தவறும் கண்டுபிடித்தனர்.

மொழி பற்றி ஒரு சொல். தாபனத்துக்குள் ஆங்கிலம் வழங்கினும், வாடிக்கையாளர் தம் மொழியிலேயே பேசுவர். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அந்நாட்டு மொழி அறியாதவர்க்குக் கொடுக்கக்கூடிய பணி சிலவே.

இனிக் குடிவரவுச் சட்டம். ஐக்கிய அமெரிக்காவில் தாபனத்துள் மாறுவோர்க்கெனவே 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்-1 என்னும் விசா ஏற்பட்டது. விண்ணப்பிக்குமுன் மூன்றாண்டுக்குள் ஓராண்டு இடையறாது வெளிநாட்டில் அத்தாபனத்திலோ அதன் கிளையிலோ வேலை செய்திருத்தல் வேண்டும். முகாமையாளர்க்கு மொத்தம் 7 ஆண்டும், தாபனத்துக்கே உரிய சிறப்பறிவு உடையோர்க்கு 5 ஆண்டும் எல்லை. எச்-1பி விசாவுக்கு ஆண்டுதோறும் 65,000 பேர், அந்நாட்டிலேயே முதுநிலைப் பட்டம் பெற்றோர் மேலும் 20,000 பேர் என்ற வரம்பு உண்டு. எல்-1 க்கு அவ்வரம்பில்லை. உடன்செல்லும் கணவனோ மனைவியோ வேலை செய்யவும் இடமுண்டு. இவ்வளவும் கேட்டு மகிழ்வோர் மற்றொன்றையும் கேட்கவேண்டும். எச்-1பி உடையவர் வேறு தாபனத்துக்கு அதனுடன் மாறலாம். எல்-1 உடையவர் மாற இயலாது; அவ்விசா அத்தாபனத்தோடு கட்டப்பட்டது. வேலை போயின், அறுபது நாளுக்கு மேற்படாத தவணைக்குள் வேறு நிலை தேடவோ நாட்டை விட்டு நீங்கவோ வேண்டும். ஆகவே எல்-1 இற் செல்பவர், நிரந்தர வதிவிடத்துக்குத் தாபனம் எப்போது விண்ணப்பிக்கும் என்பதைப் புறப்படுமுன்னரே கேட்டல் வேண்டும். அங்கே சென்று வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளியும் வந்தபின் கேட்பவன் குரல் மிகத் தாழ்ந்தே ஒலிக்கும்.

கனடாவும் முந்திய மூன்றாண்டில் ஓராண்டு வேலையைக் கேட்கிறது. பிரித்தானியாவில் 2022 ஏப்ரிலில் பழைய தாபன மாற்ற விசா நீக்கப்பட்டு, மூத்தோர் அல்லது சிறப்பறிவுடையோர்க்கான புதிய வகை வந்தது. அது நிரந்தர வதிவிடத்துக்கு வழிதராது. ஆயின் திறனுள்ள தொழிலாளர் வகை தரும். எந்த வகையில் தம்மை எடுக்கின்றனர் என்று கேளாது கையொப்பமிட்டவர் பின்னர் ஆண்டுகளை எண்ணிப் பார்த்துத் திகைப்பர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டு நெறிமுறைப்படி முகாமையாளர்க்கும் சிறப்பறிஞர்க்கும் மூன்றாண்டும் பயிலுநர்க்கு ஓராண்டுமே எல்லை. அயர்லாந்தும் டென்மார்க்கும் அதற்குப் புறம்பானவை.

சம்பளத்தை நீளப் பேசவேண்டியதில்லை. நிலையாக மாறுபவர்க்கு ஏற்கும் கந்தோரின் படியே சம்பளம். தவணைக்குச் செல்பவர் பழைய ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு வீட்டுவாடகை முதலியவற்றைப் பெறுவர். தவணை முடிந்தாற் திரும்பவேண்டும் என்பதை அவர் மறக்கலாகாது. சம்பளத்தை அனைவரும் விசாரிப்பர். விசாரியாதது இளைப்பாறும் காலத்துக்குரியது. பிரித்தானியாவில் 2016 ஏப்ரிலுக்குப் பின் இளைப்பாறும் வயதை அடைவோர் அரசாங்க ஓய்வூதியத்தில் ஒரு பங்காயினும் பெறப் பொதுவாக 10 ஆண்டுக் கட்டணப் பதிவு வேண்டும். முழுத்தொகைக்கு 35 ஆண்டு. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்துக்கும், பதினெட்டு வயதின்பின் 10 ஆண்டாயினும் அந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். மேலும், பிரித்தானிய ஓய்வூதியம் பெறுபவர் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்தால் அது ஆண்டுதோறும் உயரும். எல்லை கடந்து கனடாவில் வாழ்ந்தால் முதலிற் பெற்ற தொகையிலேயே நின்றுவிடும்.

ஒன்பதாம் ஆண்டில் இலண்டனை விட்டவர் இன்னும் பன்னிரண்டு மாதம் பொறுத்திருந்தால் என்ன பெற்றிருப்பார் என்பதை இதிலிருந்து கணக்கிடலாம். எனக்கு அப்பொழுது பதினொரு ஆண்டு நிறைந்திருந்தது. அது தற்செயல். அந்த எண்ணைப் பார்க்கும்படி ஆளணிப் பகுதியிலும் எவரும் கூறவில்லை. தாயாரைப் பார்க்கப் போகும் அவசரத்தில் யானும் கேட்கவில்லை.